இடத்தைச் சொல்லும் சின்னஞ்சிறு சொற்கள்

‘பேனை லாச்சியில் இருக்கிறது, கொப்பி மேசையில் இருக்கிறது, தம்பி வாசலில் நிற்கிறான்.’ இம்மூன்று வாக்கியங்களையும் தமிழ்ப்பிள்ளை எண்ணிப் பாராமலே சொல்லிவிடும். மூன்றிலும் வருவது ‘இல்’ என்னும் ஓர் உருபே. இவற்றையே ஆங்கிலத்திற் சொல்லவேண்டுமாயின் லாச்சிக்கு ‘இன்’, மேசைக்கு ‘ஒன்’, வாசலுக்கு ‘அட்’ என மூன்று வெவ்வேறு சொற்கள் தேவையாகின்றன. பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்று, நெடுஞ்சொற்களையெல்லாம் எழுத்துப்பிழையின்றி எழுதவல்லவர்களும், ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டே எழுத்துக்களால் ஆன இச்சொற்களின் முன்னே தயங்கி நிற்பதுண்டு.

ஆங்கிலத்தில் இவை பெயருக்கு முன்னே வருவன. ஆதலால் முன்னிடைச் சொற்கள் எனப்படும். தமிழில் இவற்றின் தொழிலைச் செய்யும் உருபுகளும் சொல்லுருபுகளும் பெயருக்குப் பின்னே வருவன. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லும் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டியுள்ளார். ஆயினும் முன்னே வருதல், பின்னே வருதல் என்பது கற்பவரை நெடுநாள் வருத்துவதில்லை. ஒரு மாதப் பயிற்சியில் நா அதற்குப் பழகிவிடும். பழகாமல் நிற்பது வேறொன்று. தமிழ் பேசுவோன் சொல்லாமல் விடும் ஒரு செய்தியை ஆங்கிலம் பேசுவோன் ஒவ்வொரு முறையும் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. அச்செய்தி யாதெனின், அவன் அந்த இடத்தை எவ்வகையான இடமாகக் காண்கிறான் என்பதே.

இதனால் தமிழ் இடத்தைக் குறிக்கச் சொல்வளம் இல்லாத மொழி என்று எவரும் எண்ணிவிடலாகாது. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையைக் ‘கண்’ என்னும் உருபினாற் பெயரிட்டு, அதன் பொருளில் வரும் வேறு பல சொற்களையும் எடுத்துரைத்தார். நன்னூல் செய்த பவணந்தியார் அவ்வேற்றுமைக்கு 28 உருபுகளைக் கூறினார். உள், அகம், புறம், மேல், கீழ், முன், பின், வலம், இடம், புடை என்பன அவற்றுட் சில. ‘மேசையின்மேல்’ என்றோ ‘லாச்சிக்குள்’ என்றோ நுணுக்கமாகச் சொல்லவேண்டிய வேளையில் தமிழ் அவ்வாறே சொல்லும். தேவையில்லாத வேளையில் ‘இல்’ என்று மட்டும் சொல்லி, மேசை என்றால் மேற்பரப்பு, லாச்சி என்றால் உட்புறம் என்பதைக் கேட்போன் தன் உலக அறிவினால் நிரப்பிக்கொள்ளுமாறு விட்டுவிடும். ஆங்கிலமோ அவ்வாறு விடுவதில்லை. தமிழனுக்கு விருப்பமாக இருப்பது ஆங்கிலேயனுக்குக் கட்டாயமாக இருக்கிறது. தடுமாற்றத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

இனி அம்மூன்று சொற்களின் இயல்பை நோக்குவோம். ‘இன்’ என்று சொல்லுபவன் ஓர் இடத்தைக் கொள்கலமாகக் காண்கிறான். அதற்கு எல்லை உண்டு, உட்புறம் உண்டு, பொருள் அவ்வெல்லைக்குள் அடங்கியிருக்கிறது. போத்தலில் எண்ணெய், அலுமாரியிற் சேலை, அறையிற் கட்டில், கொழும்பில் வெள்ளவத்தை என்பன எல்லாம் ‘இன்’ பெறுவன. ‘ஒன்’ என்று சொல்லுபவன் ஒரு பரப்பையோ கோட்டையோ காண்கிறான். பொருள் அதனைத் தொட்டு, அதனாலே தாங்கப்பட்டு நிற்கிறது. ‘அட்’ என்று சொல்லுபவனுக்கு உட்புறமும் வேண்டியதில்லை, பரப்பும் வேண்டியதில்லை. தேசப்படத்தில் இட்ட ஒரு புள்ளியைப்போல அந்த இடம் அவனுக்குத் தோன்றுகிறது. புகையிரதம் அநுராதபுரத்தில் நிற்கிறது என்னும்போது பயணவழியில் அநுராதபுரம் ஒரு புள்ளி, ஆகவே ‘அட்’. அநுராதபுரத்திற் பழைய தாதுகோபங்கள் பல உள்ளன என்னும்போது அதே ஊர் விரிந்த நிலப்பகுதி, ஆகவே ‘இன்’. ஊர் மாறவில்லை, காண்பவனின் நோக்கு மாறியது. ‘இந்தப் பெயருக்கு எந்த முன்னிடைச் சொல்?’ என்று ஆசிரியரைக் கேட்கும் மாணவனுக்குத் திட்டமான விடை பல வேளைகளிற் கிடையாமைக்குக் காரணமும் இதுவே. தபாற்கந்தோரில் ஒருவர் இருக்கிறார் என்பதை ‘அட்’ என்றும் சொல்லலாம், ‘இன்’ என்றும் சொல்லலாம். முன்னதில் அவர் முத்திரை வாங்கப் போயிருக்கிறார். வரிசை நீண்டு வெளியே வெயிலில் நின்றாலும் அவர் அங்கேதான். பின்னதில் அவர் கட்டடத்தின் சுவர்களுக்குள் இருக்கிறார்.

இம்மூன்றனுள் தமிழருக்கு மிகுந்த இடர் தருவது ‘ஒன்’ எனலாம். பள்ளிக்கூடங்களில் இதற்கு ‘மேல்’ என்று பொருள் சொல்லிக் கொடுப்பது வழக்கம். முதல் வகுப்புக்கு அது போதும். அதற்கு மேல் அது தீங்கே விளைக்கும். விட்டத்துப் பலகையின் அடிப்புறத்திலே ஓர் ஈ தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பலகைக்கு மேலே இல்லை, கீழேதான் இருக்கிறது. ஆயினும் ஆங்கிலேயன் அதனை ‘ஒன்’ என்றே கூறுவான். சுவரிலே தொங்கும் படத்துக்கும் சுவரிலே ஊரும் பல்லிக்கும் ‘ஒன்’. விரலில் மோதிரம், கயிற்றிற் காயும் வேட்டி, கதவிற் பூட்டு என்பனவும் அவ்வாறே. இவற்றிலெல்லாம் மேல் என்னும் பொருள் சிறிதும் இல்லை. ஒரு பரப்பைத் தொட்டுப் பற்றி, அதனை விட்டால் விழத்தக்க நிலையில் இருத்தலே ‘ஒன்’ என்பதன் உயிர்.

அதே சுவரில் அடித்த ஆணிக்கு ‘இன்’ வரும். அது சுவரைத் துளைத்து உட்புகுந்திருக்கிறது. சன்னலுக்கும் ‘இன்’, அது சுவரின் உடம்பிலே ஒரு பகுதி. படம், ஆணி, சன்னல் ஆகிய மூன்றையும் தமிழன் ‘சுவரில்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறான். மரத்தின் செய்தியும் இத்தகையதே. மாங்காய் மரத்தில் காய்க்கிறது. கிளி மரத்தில் இருக்கிறது. காம்பினாற் பொருந்தியிருக்கும் மாங்காய்க்கு ‘ஒன்’ ஏற்றது. கிளைகளும் இலைகளும் சூழ நடுவே அமர்ந்திருக்கும் கிளிக்கு ‘இன்’ ஏற்றது. பனையில் ஏறிய சீவற்காரனுக்கோ இவ்விரண்டும் பொருந்தா. அவன் ‘அப்’, அதாவது ஏறிய உயரத்தில் இருக்கிறான்.

வைத்தியரிடம் ஆங்கிலத்திற் பேசநேரும் ஒருவருக்கு இவ்வேறுபாடு வெறும் இலக்கணமாக இராது. ‘காலில்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். காலிற் செருப்பு, காலிற் கொப்புளம், காலில் முள், காலில் வலி. செருப்புக்கும் தோலின் மேலெழுந்த கொப்புளத்துக்கும் ‘ஒன்’. தைத்து உள்ளே நிற்கும் முள்ளுக்கும் உள்ளே தோன்றும் வலிக்கும் ‘இன்’. கண்ணின் இமையில் ஒரு கட்டி என்பதற்கு ‘ஒன்’. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்பதற்கு ‘இன்’. முன்னிடைச் சொல் மாறினால் வைத்தியர் தேடும் இடமும் மாறிவிடும். அவர் கேள்விகேட்டுத் தெளிந்துகொள்ளக்கூடும். தொலைபேசியிலே அவசரமாகச் சொல்லும்போது அதற்கு நேரம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நீர்க்கரைகளிலும் ‘ஒன்’ வேறொரு முகத்தைக் காட்டும். இலண்டன் மாநகர் தேம்ஸ் ஆற்றிற்கு ‘ஒன்’ ஆக இருக்கிறது என்பர் ஆங்கிலேயர். நகரம் ஆற்றிலே மிதக்கிறது என்று அதற்குப் பொருளன்று. ஆற்றை ஒரு நீண்ட கோடாக நினைத்து, அக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நகரம் கிடக்கிறது என்பதே கருத்து. பருத்தித்துறை வட கரையைத் தொடுவதனால் அதற்கு ‘ஒன்’. மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு வீட்டுக்கும் ‘ஒன்’. கரையைத் தொடாமல் கடலுக்குள் விலகிக் கிடக்கும் நெடுந்தீவைக் கரையோடு சார்த்திக் கூறும்போது ‘ஒஃப்’ என்னும் சொல் வரும். அந்தத் தீவிலே வாழ்வோர் அதற்கு ‘ஒன்’ ஆக வாழ்கின்றனர். அவ்வாறாயின் இலங்கையும் தீவுதானே, அதற்கு மட்டும் ‘இன்’ வருவானேன் எனின், இலங்கை என்னும்போது நிலத்திட்டையன்று, எல்லையுடைய ஒரு நாட்டையே ஆங்கிலேயன் நினைக்கிறான். ‘இந்தத் தீவில்’ என்று தொடங்கினால் அவனே ‘ஒன்’ என்று மாற்றிச் சொல்லக் கேட்கலாம்.

‘தோட்டம்’ என்னும் சொல்லும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தான் வீட்டுப் புறத்தே கத்தரியும் மிளகாயும் நட்ட நிலத்தைத் தோட்டம் என்பான். மலைநாட்டார் தேயிலை பயிராகும் பெருநிலத்தையும் தோட்டம் என்பர். ஆங்கிலத்தில் வேலிக்குள் அடங்கிய வீட்டுத்தோட்டத்துக்கு ‘இன்’. தேயிலைத் தோட்டத்துக்கு ‘ஒன்’. விரிந்த நிலப்பரப்பின்மீது மக்கள் குடியிருந்து உழைப்பதாக எண்ணும் பழக்கத்தினால், பண்ணைக்கும் பெருந்தோட்டத்துக்கும் அவர்கள் ‘ஒன்’ என்றே சொல்லிவருகின்றனர். ‘தோட்டத்திற் பிறந்தவர்’ என்பதை மொழிபெயர்ப்போர் ‘இன்’ என்று போட்டு எழுதினால், ஒருவர் பூஞ்செடிகளுக்கிடையே பிறந்தார் என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு.

இத்தனை நுணுக்கமும் ஆங்கிலத்துக்கு ஆதிதொட்டே அமைந்தது என்று கருதவேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில், சிறப்பாக மேற்கு சாக்சன் வழக்கில், ‘ஒன்’ என்ற சொல்லே உட்புறத்துக்கும் மேற்பரப்புக்கும் பெரும்பாலும் பொதுவாக வழங்கிற்று. பின்னரே ‘இன்’ தனக்குரிய இடத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டது. அந்நாளைய ஆங்கிலேயன் இந்த ஒரு செய்தியிலாவது இன்றைய தமிழனுக்கு அண்மையில் இருந்தான் எனலாம். இன்றும் ஸ்பானிய மொழியில் ‘என்’ என்னும் ஒரு சொல் பெட்டிக்குள் இருப்பதற்கும் மேசைமேல் இருப்பதற்கும் போதுமானது. ஜெர்மானியனோ ஆங்கிலேயனிலும் ஒருபடி மேலே போய், மேசைமேல் உள்ளதற்கு ‘அவுஃப்’ என்றும் சுவரில் உள்ளதற்கு ‘அன்’ என்றும் பிரித்துச் சொல்லுவான். கொரிய மொழியிலே ஒரு பொருளை மற்றொன்றில் இறுகப் பொருத்துவதற்கு ஒரு தனி வினை உண்டு. உறையில் நூலைச் செருகினாலும் விரலில் மோதிரத்தை இட்டாலும் அவ்வினையே வரும். ஆங்கிலத்தில் முன்னது ‘இன்’ வகையைச் சேர, பின்னது ‘ஒன்’ வகையைச் சேரும். உலகத்தை எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதில் மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை.

வாகனங்களைப் பற்றிய வழக்கு மாணவர்களை நகைக்கவும் வைக்கும், வெறுக்கவும் வைக்கும். காருக்கு ‘இன்’, பஸ்வண்டிக்கும் புகையிரதத்துக்கும் கப்பலுக்கும் ‘ஒன்’, சிறு தோணிக்கு ‘இன்’, துவிச்சக்கரவண்டிக்கும் குதிரைக்கும் ‘ஒன்’. பஸ்ஸின் கூரைமேல் எவரும் ஏறிச் செல்லவில்லையே என்று கேட்பது இயல்பு. ஏறி நின்று நடமாடத்தக்க தளம் உள்ள வாகனத்துக்கு ‘ஒன்’ என்றும், குனிந்து புகுந்து உட்காரவேண்டிய வாகனத்துக்கு ‘இன்’ என்றும் கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. குதிரையும் துவிச்சக்கரவண்டியும் ஏறி அமர்வன. அவற்றுக்கு உட்புறமே இல்லை. இது கைக்கு உதவும் ஒரு குறிப்பு. விதி என்று இதனைக் கொண்டாடவேண்டியதில்லை.

தோணியைச் சொன்னவுடன் கடலும் நினைவுக்கு வருகிறது. ‘அவர் கடலில் இருக்கிறார்’ என்று ஒரு மீனவரின் வீட்டார் சொன்னால் தமிழ்க் கரையூர்களில் அதற்குப் பொருள் எல்லார்க்கும் தெரியும். தொழிலுக்குப் போனவர் இன்னும் கரைக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் இதனைச் சொல்ல ‘அட்’ வேண்டும். அதன் பின்னே கடலைக் குறிக்கும் சொல் ‘த’ என்னும் சுட்டு இன்றி வரவேண்டும். ‘இன் த சீ’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்கும் ஆங்கிலேயன் நீரிலே ஒரு மனிதன் இருப்பதாகவே கொள்வான். பகற்பொழுதாயின் குளிக்கிறார் என்று எண்ணி அமைவான். புயலடிக்கும் இரவாயின் ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்று அஞ்சி எழுவான். தோணியிலே பத்திரமாக இருப்பவரும் தோணி கவிழ்ந்து நீரிலே தத்தளிப்பவரும் தமிழில் ‘கடலில்’ இருப்பவரே. வேறுபாட்டைச் சொல்லவேண்டிய நேரத்தில் தமிழனும் ‘தோணியில்’, ‘தண்ணீருக்குள்’ என்று பிரித்துச் சொல்லிவிடுவான். ஆங்கிலத்திற் சொல்லும்போது அவன் வேறுபாட்டைச் சொல்ல நினையாமலே சொல்லிவிடுகிறான். ஆபத்து அதில் இருக்கிறது. கரைக்கு அப்பால் நிகழும் விபத்தைத் துறைமுகத்துக்கு அறிவிப்போர் இதனை மறத்தல் ஆகாது.

நீதிமன்றங்களிலும் இந்நிலை உண்டு. தமிழிலே கூறிய சாட்சியம் ஆங்கிலத்திலே பதிவாகும் வழக்கொன்றில், ‘பையன் வீதியில் நின்றான்’ என்று சாட்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி மோதிய வழக்கு அது. ‘இன் த றோட்’ என்று எழுதினால் வண்டிகள் போகும் தடத்திலே, அவற்றுக்குக் குறுக்காக அவன் நின்றான் என்ற எண்ணம் தோன்றும். ‘ஒன் த றோட்’ என்றால் அவ்வளவு அழுத்தம் இல்லை. நடந்தவை பொதுவாக வீதியில் நிகழ்ந்தன என்பதளவில் நிற்கும். ‘பை த றோட்’ என்றால் அவன் வீதியின் ஓரத்திலே, வண்டிகளுக்கு வழிவிட்டு நின்றவன். சாரதி குற்றவாளியா, பையன் கவனமற்றவனா என்பது இச்சிறு சொல்லிலே தங்கிவிடக்கூடும். சாட்சி சொன்னதோ ‘வீதியில்’ என்பது மட்டுமே. நல்ல மொழிபெயர்ப்பாளர் இத்தகைய இடத்திலே தாமாக ஒன்றைத் தெரிந்தெடுக்காமல், நீதிபதியின் அனுமதியோடு ‘நடுவிலா, ஓரத்திலா?’ என்று மீட்டும் கேட்டறிவார். அவ்வாறு கேட்பது சாட்சியத்தை வளைப்பதாகாது. மூலத்தில் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பிலே நுழைத்துவிடாமற் காப்பதாகும்.

உயரத்தைக் குறிக்கும் சொற்கள் இவ்வளவு இடர் தருவன அல்ல. ‘ஓவர்’ என்பது நேர் மேலே இருத்தல்; கவிந்து மூடுதலும் கடந்து செல்லுதலும் அதனுள் அடங்கும். பிள்ளைக்கு மேல் போர்வை, கட்டிலுக்கு மேல் நுளம்புவலை, பேராதனையில் மகாவலிக்கு மேல் பாலம் என்பவற்றுக்கு அதுவே வரும். ‘அபவ்’ என்பதோ மட்டத்தை ஒப்பிடுதல். நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,868 மீற்றர் மேலே இருக்கிறது, அதன் அடியிலே கடல் இல்லை, ஆகவே ‘அபவ்’. பிதுருதாலகாலையின் 2,524 மீற்றர் உயரத்தைச் சொல்லுவதும் அவ்வாறே. கடல்மட்டத்துக்கு 400 மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்து கிடக்கும் சாக்கடலுக்கு ‘பிலோ’. மேசைக்கு அடியிற் படுத்திருக்கும் பூனைக்கு ‘அண்டர்’. திருக்கோணேச்சரம் பாறைக்கு ‘ஒன்’. அதே கோயில் கீழே அலையெறியும் கடலுக்கு ‘அபவ்’. ஒரே கோயிலுக்கு இரண்டு சொற்கள் ஒரே வேளையிற் பொருந்துவதைக் காண இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

திசை கூறும்போது பள்ளிப் புத்தகங்கள் ஒரு நல்ல விதியைத் தருகின்றன. உள்ளே அடங்கியதற்கு ‘இன்’, எல்லையைத் தொடுவதற்கு ‘ஒன்’, விலகி நிற்பதற்கு ‘டு’. யாழ்ப்பாணம் இலங்கையின் வடக்கில் இருக்கிறது. இந்தியா இலங்கைக்கு வடக்கே இருக்கிறது. முதலாவது ‘இன் த நோத்’. இரண்டாவது ‘டு த நோத்’. தமிழிலும் ‘வடக்கில்’, ‘வடக்கே’ என்னும் ஈறுகளால் ஒருவாறு வேறுபாடு தோன்றினும் பேச்சில் அவை கலந்துவிடுகின்றன. பூகோள வினாத்தாளில் இவற்றை மாற்றி எழுதும் மாணவன், ஓர் அயல் நாட்டைத் தன் நாட்டுக்குள் இழுத்துவந்துவிடுவான்!

‘முன்னால்’ என்பது இவை எல்லாவற்றிலும் சிக்கலானது. ‘கோயிலுக்கு முன்னால் எங்கள் கடை’ என்று தமிழன் சொல்லும்போது கடை கோயில் வாசலோடு ஒட்டியும் இருக்கலாம், தெருவுக்கு அப்பால் எதிர்ப்புறத்திலும் இருக்கலாம். ஆங்கிலேயன் தெருவுக்கு அப்பால் உள்ளதை ‘ஒப்பொசிட்’ என்றும், இப்பால் உள்ளதை ‘இன் ஃபிரண்ட் ஒவ்’ என்றும் பிரிப்பான். கோயிலுக்கும் வீட்டுக்கும் மனிதனுக்கும் முகம் உண்டு; ஆதலால் முன் எது பின் எது என்பதில் ஐயம் இல்லை. மரத்துக்கு முகம் எங்கே? ‘மரத்துக்கு முன்னால் மாடு’ என்று ஆங்கிலேயன் சொன்னால், மாடு அவனுக்கும் மரத்துக்கும் இடையே நிற்கிறது. பார்ப்பவனின் முகத்தைக் கண்ணாடிபோல மரம் திருப்பிக் காட்டுவதாக அவன் கொள்கிறான். மேற்கு ஆபிரிக்காவில் வழங்கும் ஹௌசா மொழியிலோ மரமும் பார்ப்பவன் நோக்கும் திசையையே நோக்குவதாகக் கொண்டு, மரத்துக்கு அப்பால் நிற்கும் மாட்டையே முன்னால் நிற்கிறது என்று சொல்வது இயல்பான வழக்கு.

நமது நாட்டுப்புறத்தாருக்கு இச்சிக்கலைத் தீர்க்கும் வழி ஒன்று முன்னரே தெரியும். ‘கிணற்றுக்குத் தெற்காலை’, ‘வேலிக்கு மேற்காலை’ என்று திசையை வைத்தே அவர்கள் பேசுவர். பார்ப்பவன் எப்பக்கம் திரும்பினாலும் தெற்கு தெற்காகவே இருக்கும். எரிக் பெடர்சன் என்னும் மொழியியலாளர் 1990களிலே தமிழ்நாட்டில் நிகழ்த்திய ஆய்வில், ஒரே தமிழைப் பேசினும் நாட்டுப்புறத்தார் பொருள்களின் நிலையைக் கூறத் திசைப் பெயர்களையும் நகரத்தார் இடம் வலம் என்பவற்றையும் பெரிதும் கையாளுவதைக் கண்டார். ஆங்கிலத்தில் ஊர்களுக்கும் வீதிகளுக்கும் திசை சொல்லுவதுண்டு. மேசைமேல் உள்ள கிண்ணத்துக்கு வடக்கே கரண்டி இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். கிராமத்திலிருந்து வந்து ஆங்கிலம் கற்கும் பிள்ளை இடம் வலங்களிலே தடுமாறினால், அது அறிவின்மை என்று ஆசிரியர் கருதுதல் தகாது. அப்பிள்ளை தன் தலைக்குள் ஒரு திசைகாட்டியை வைத்திருக்கிறது; ஆங்கிலப் பாடம் அதனைப் பயன்படுத்தவில்லை.

‘பிட்வீன்’ இருவருக்கு, ‘அமங்’ பலருக்கு என்று மனனம் பண்ணுவிப்பது இன்னும் நிற்கவில்லை. முன்னதன் உள்ளே இரண்டு என்னும் எண்ணுச்சொல்லின் வேர் இருப்பதும், பின்னது ‘கூட்டத்தில்’ என்னும் பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்ததும் உண்மையே. ஆனாற் சொல்லின் பிறப்பு அதன் வாழ்வு முழுவதையும் ஆள்வதில்லை. சுவிட்சர்லாந்து பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா ஆகியவற்றுக்கு இடையே இருக்கிறது என்பதற்கு ஆங்கிலேயன் ‘பிட்வீன்’ என்றே சொல்லுவான்; தனித்தனியே பெயர்சொல்லி எண்ணத்தக்கவை எத்தனையாயினும் அது பொருந்தும். எண்ணாமல் ஒரு திரளாகக் கண்டால் ‘அமங்’. பரந்தனுக்கும் பளைக்கும் இடையே ஆனையிறவு. பனைகளுக்கிடையே ஒரு குடிசை. முன்னதற்கு ‘பிட்வீன்’, பின்னதற்கு ‘அமங்’.

சில வழக்குகளுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. பிரித்தானிய வழக்கில் ‘இன் ஹொஸ்பிட்டல்’ என்றால் நோயாளியாகப் படுத்திருத்தல். ‘அட் த ஹொஸ்பிட்டல்’ என்றால் ஒருவர் எக்காரணத்துக்காகவோ வைத்தியசாலைக்கு வந்திருத்தல். உறவினரைப் பார்க்கப் போனவர் முன்னதைச் சொல்லித் தந்தி அனுப்பி வீட்டாரை அழவைத்தல் அந்நாளிலே நிகழக்கூடியதாகவே இருந்தது. தெருவுக்கு இங்கிலாந்தில் ‘இன்’, அமெரிக்காவில் ‘ஒன்’. அறையின் மூலைக்கு ‘இன்’. வீதிகள் கூடும் மூலைக்கு ‘அட்’ அல்லது ‘ஒன்’. இவற்றைக் கேட்டும் படித்தும் பழகுவதே வழி.

ஏனையவற்றைக் கற்பிக்க, பெட்டியும் பந்தும் வரைந்த படம் ஓரளவுக்கே உதவும். ஒக்டன் 1930இல் 850 சொற்களால் அமைத்த அடிப்படை ஆங்கிலத்தில் மிகச் சில வினைகளையும் முன்னிடைச் சொற்களையும் இணைத்தே பெரும்பாலான செயல்களைச் சொல்லவைத்தார். 1945இல் ரிச்சர்ட்ஸ் என்பாரும் கிறிஸ்ரின் கிப்சன் அம்மையாரும் படங்களாலே ஆங்கிலம் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டனர். இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் பெட்டியின் உட்புறமும் மேற்புறமும் எவருக்கும் ஐயம் தருவன அல்ல. கற்பவரை வருத்துவன சுவரும் மரமும் வீதியும் கடலும் அல்லவா? ஒரே தமிழ்ச் சொல்லை, மேலே ‘காலில்’ என்பதை எடுத்ததுபோல, எடுத்து நான்கு ஆங்கில வாக்கியங்களாக விரிக்கும் பயிற்சி இப்படங்களிலும் அதிகம் பயன்தரும். ‘தலையில்’ என்பதைக் கொடுத்து, பேன், பூ, நினைவு, கடகம் ஆகிய நான்கையும் அதனோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னால் ஒரு வகுப்பு நேரம் போவது தெரியாமற் போகும்.

மற்றொரு பயிற்சி, வந்து பார்த்திராத ஒருவருக்குத் தன் வீட்டுக்கு வழி எழுதுதல். பஸ்ஸில் வருக என்பதற்கு ‘ஒன்’. சந்தியில் இறங்குக என்பதற்கு ‘அட்’. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஒழுங்கை ‘ஒப்பொசிட்’. இரண்டு கடைகளுக்கு நடுவே செல்லும் பாதை ‘பிட்வீன்’. வீடு வாசிகசாலைக்கு அடுத்தது என்றால் ‘நெக்ஸ்ட் டு’, அதற்கு அண்மையில் எங்கோ என்றால் ‘நியர்’. எழுதியதை அடுத்த பிள்ளையிடம் கொடுத்து, அதனைப் பார்த்து ஒரு படம் வரையச் சொல்லவேண்டும். கிணறு வீட்டுக்குள் வந்துவிட்டதா, வேப்பமரம் கூரைமேல் முளைத்துவிட்டதா என்பது அப்பொழுது தெரியும். படலைக்குப் பின்னால் நாய் கட்டப்பட்டிருக்குமாயின், ‘பிஹைண்ட்’ என்னும் சொல்லை மட்டும் தெளிவாக எழுதிவைப்பது விருந்தினருக்கு நல்லது.